கோல்கீப்பர் கிளவுஸ் துவைச்ச மறுநாளே நாறுது: தண்ணியா, சோப்பா, காத்தா?

பாம்பன் கோலி

டீம் கிட்ல ரெண்டு ஜோடி கோல்கீப்பர் கிளவுஸ் இருக்கு, உள்ளங்கை லேடெக்ஸ் (மெத்துன்னு இருக்கிற ரப்பர்). கூடவே ஒரு ஜோடி விக்கெட் கீப்பிங் கிளவுஸ், அது தோல். எல்லாமே நாறுது. ஆட்டம் முடிஞ்சதும் போர் தண்ணில சோப்புத்தூள் போட்டு ஊறவச்சு, அலசிப் பிழிஞ்சு, மொட்டை மாடிக் கொடியில காயப்போடுறோம். சாயங்காலம் எடுக்கும்போது மொறமொறன்னு இருக்கு, வாடையும் இல்ல. ராத்திரி பையில போட்டு வச்சா காலைல உள்பக்கம் பிசுபிசுன்னு ஈரம். மத்தியானத்துக்குள்ள பழைய நாத்தம் திரும்பிடுது.

தையல் ஓரமா வெள்ளையா ஒரு படிவு. லேடெக்ஸ் விரல் நுனியில வெடிச்சு உதிருது. தோல் கிளவுஸ்ல வாடைக்காத்து ஆரம்பிச்சதுல இருந்து பச்சையா பூசணம்.

காஞ்ச கிளவுஸ் ராத்திரியில எப்படி ஈரமாகுது? டெட்டால், ஆப்ப சோடா, வினிகர்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எது சரி? கிரவுண்டு கடலை ஒட்டின மணல் தரை. வீட்டு போர் தண்ணி கரிக்கும். காவிரித் தண்ணி வர்ற அன்னைக்கு மட்டும் உண்டு. கேன் தண்ணி கடையில கிடைக்கும்.

உப்புக்காத்து

ராத்திரி ஈரமாகுதுன்னு சொன்னீங்க பாருங்க, விடை அதுலயே இருக்கு. கிளவுஸ் பையில வச்சு நனையல, காத்துல இருக்குற ஈரத்தைக் குடிக்குது. குடிக்க வைக்கிறது உப்பு.

சாதாரண உப்பு, காத்தோட ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினதும் தானா நீர்விட ஆரம்பிக்கும். நம்ம கடற்கரையில பொழுது சாஞ்சா அதைத் தாண்டுறது சர்வ சாதாரணம். போர் தண்ணில மெக்னீசியம் குளோரைடு, கால்சியம் குளோரைடும் கலந்திருந்தா இன்னும் மோசம், அதுங்க அதைவிடக் காய்ஞ்ச காத்துலகூட ஈரத்தை இழுக்கும். மதியம் வெயில்ல மொறமொறப்பாவும் ராத்திரி பிசுபிசுப்பாவும் இருக்கிற துணின்னா உள்ளே உப்பு நிக்குதுன்னு அர்த்தம்.

இப்ப கணக்கைப் பாருங்க. ஒரு லிட்டர் வேர்வையில சுமாரா 1 முதல் 4 கிராம் வரை உப்பு இருக்கும். போர் தண்ணியோட டிடிஎஸ், அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குங்கிற அளவு, 3000 இருந்தா அதுலயும் லிட்டருக்கு 3 கிராம். வேர்வையைக் கழுவுறதுக்கு வேர்வை அளவு உப்புள்ள தண்ணியையே ஊத்துறோம். நல்லா அழுத்தின பிறகும் ஒரு கிளவுஸ் 100 மில்லி தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்குன்னு வைங்க, அது காஞ்சதும் 0.3 கிராம் உப்பு உள்ளேயே தங்கும். ஒவ்வொரு துவைப்புக்கும் இதே கதை.

நாத்தம் அடுத்த கட்டம். புது வேர்வைக்குப் பெருசா வாடை கிடையாது. தோல்ல இருக்குற பாக்டீரியா அதுல உள்ள அமினோ அமிலத்தை உடைச்சு ஐசோவலரிக் அமிலம் மாதிரி புளிச்ச நாத்தம் அடிக்கிற பொருளா மாத்துது. அதுக்கு ஈரம் வேணும். உப்பு அந்த ஈரத்தை ராத்திரி பூரா சப்ளை பண்ணுது. எந்த சோப்பு மாத்தினாலும் கடைசி அலசல் தண்ணி மாறாம நாத்தம் போகாது.

உங்க தண்ணி எப்படின்னு தெரிஞ்சுக்க, தோசைக்கல்லுல ஒரு ஸ்பூன் ஊத்தி வத்தவிடுங்க. வெள்ளை வளையம் தடிப்பா நின்னா கடைசி அலசலுக்கு ஆகாது. தண்ணி சுத்திகரிக்கிற கடையில டிடிஎஸ் மீட்டர் வச்சிருப்பாங்க, ஒரு டம்ளர் கொண்டு போனா பார்த்துச் சொல்லிடுவாங்க. குடிதண்ணிக்கு இந்தியத் தரநிலை 500, வேற வழியில்லன்னா 2000 வரைக்கும். கிளவுஸுக்கு 500க்குக் கீழே இருந்தா நிம்மதி.

அந்த வெள்ளைப் படிவையும் சோதிச்சுப் பாருங்க. வெறும் தண்ணில கரைஞ்சா உப்பு. கரையாம, ஒரு சொட்டு வினிகர் விட்டதும் நுரைச்சா சுண்ணாம்பு. ரெண்டும் இல்லாம மெழுகா விரல்ல ஒட்டினா, யாரோ கட்டி சோப்பு போட்டிருக்காங்க. கடினத் தண்ணில கட்டி சோப்பு திரிஞ்சு போய்த் துணியிலேயே ஒட்டிக்கும், பாக்டீரியாவுக்கு அது சாப்பாடு.

தொண்டி நம்பர் ஒன்

மேல சொன்னது அத்தனையும் சரி. துவைக்கிற முறையை நான் எழுதுறேன்.

லேடெக்ஸுக்குத் தண்ணி 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. வெந்நீர் வைக்க வேண்டாம், நம்ம ஊர்ல மதியம் மாடி டேங்க்ல வர்ற தண்ணியே சுடும். காலைல பிடிச்சு நிழல்ல வச்ச தண்ணி போதும்.

முதல்ல மணல். ஒரு வாளித் தண்ணில கிளவுஸை முக்கி முக்கி எடுங்க, தேய்க்காதீங்க. மணலோட தேய்ச்சா உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலைதான், உங்க விரல் நுனி உதிர்றதுல பாதிக் காரணம் இதுவா இருக்கும். வாளி அடியில மணல் தங்குறது நிக்கிற வரைக்கும் தண்ணியை மாத்துங்க. இதுக்கு போர் தண்ணியே போதும்.

அப்புறம் 4 லிட்டர் தண்ணில ஒரு ஷாம்பு சாஷே, ஜோடிக்கு ஒண்ணு. குழந்தை ஷாம்புவோ சாதா ஷாம்புவோ எதுனாலும் சரி, ஆனா கண்டிஷனர் சேர்ந்தது கூடாது. கண்டிஷனரும் துணிக்குப் போடுற சாஃப்ட்னரும் லேடெக்ஸ் மேல வழவழன்னு ஒரு படலம் விட்டுடும், பந்து நழுவும். சோப்புத்தூள் காரம் அதிகம், அதை விட்டுடுங்க.

ரெண்டு கையிலயும் கிளவுஸைப் போட்டுக்கிட்டே தண்ணிக்குள்ள முக்கி, இருபது முப்பது தடவை கையை மூடித் திறங்க. அழுக்கு இருக்கிறது உள் துணியிலயும் அதுக்கு அடியில இருக்கிற ஃபோம்லயும்தான், வெளியே இல்ல. இப்படி மூடித் திறந்தாத்தான் ஷாம்பு தண்ணி உள்ளே போய் வரும். வெளியே வர்ற தண்ணி கலங்கலா இருக்கிறதைப் பார்த்தாலே தெரியும். மணிக்கட்டுப் பட்டையை மட்டும் பழைய டூத் பிரஷ்ஷால தேய்ங்க, வேர்வை அதிகமா குடிக்கிற இடம் அதுதான். உள்பக்கத்தை வெளிப்பக்கமா புரட்டாதீங்க, விரல் இடுக்குத் தையல் விட்டுடும். ஷாம்பு தண்ணில பத்து நிமிஷத்துக்கு மேல ஊறவும் வேண்டாம்.

பிழியவே கூடாது. தண்ணி குடிச்ச லேடெக்ஸ் கனமாவும் மெத்துன்னும் இருக்கும், முறுக்கினா ஒட்டின இடம் பிரியும். விரல் நுனியைப் பிடிச்சும் தூக்காதீங்க. அடியில கை கொடுத்துத் தூக்கி, ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு, விரல் பக்கம் இருந்து மணிக்கட்டு நோக்கி அழுத்தித் தண்ணியைத் தள்ளுங்க.

அலசல்: போர் தண்ணில ரெண்டு தடவை நுரை போக. அப்புறம் கேன் தண்ணி, ஒரு கிளவுஸுக்கு ஒரு லிட்டர். அந்த ஒரு லிட்டரையும் ஒரே தடவை ஊத்தாதீங்க. 100 மில்லி தங்கியிருக்கிற கிளவுஸ்ல ஒரு லிட்டர் ஊத்தி அலசி அழுத்தினா, மிச்சம் நிக்கிற உப்பு பதினொண்ணுல ஒரு பங்கு. அதையே அரை அரை லிட்டரா ரெண்டு தடவை பண்ணினா முப்பத்தாறுல ஒரு பங்கு. தண்ணிச் செலவு ஒண்ணுதான்.

ஏற்கெனவே ஊறிப்போன நாத்தத்துக்கு ஆப்ப சோடா சரிதான். ஒரு லிட்டர் தண்ணில ஒரு டேபிள் ஸ்பூன் கரைச்சு, உள்ளே ஊத்தி, கால் மணி நேரம் விட்டு அலசிடணும். அந்தப் புளிச்ச அமிலம் சோடாவோட சேர்ந்து காத்துல பறக்காத உப்பாயிடும், அதான் வாடை குறையுது. அந்த உப்பையும் சோடாவையும் அலசி எடுக்கலன்னா மறுபடி முதல்ல இருந்து. வினிகர் வேற வேலைக்கு: சுண்ணாம்புப் படிவுக்கும் பூசணத்துக்கும். ஒரு பங்கு வெள்ளை வினிகர், நாலு பங்கு தண்ணி, பத்து நிமிஷம். ரெண்டையும் ஒண்ணா கலந்து பொங்குறதைப் பார்த்து சந்தோஷப்படுறவங்க உண்டு, ஒண்ணை ஒண்ணு தீர்த்துக்கும், மிச்சம் சோடியம் அசிடேட். அதுவும் ஒரு உப்பு, நமக்கு வேண்டாத சரக்கு.

டெட்டால் வேண்டாம். அதுல பைன் எண்ணெய் இருக்கு, எண்ணெய் எதுவுமே லேடெக்ஸுக்கு ஆகாது, ஊதிப் பலவீனமாக்கும். வாடையை அமுக்கி வைக்குமே ஒழிய உப்பை எடுக்காது. ப்ளீச் பக்கமே போகாதீங்க.

கடலோரப் பொடியன்

இவ்வளவு எதுக்கு? பாலிதீன் பையில சுத்தி ராத்திரி ஃப்ரீசர்ல வச்சா கிருமி செத்துடும். தோல் கிளவுஸுக்குத் தேங்காய் எண்ணெய். பையில ரெண்டு பாச்சை உருண்டை. முடிஞ்சது.

உப்புக்காத்து

தம்பி, ஐஸ்ல போட்ட மீன் மாதிரிதான். ஐஸ்ல இருக்கிற வரைக்கும் நாறாது, எடுத்துக் கரையில வச்சா நாறும். குளிர்ல பாக்டீரியா வேலையை நிறுத்தும், பெரும்பாலும் சாகாது. உப்பும் அழுக்கும் அப்படியேதான் இருக்கும். ஃப்ரீசர்ல இருந்து எடுத்த குளிர்ந்த கிளவுஸ் மேல நம்ம ஊர்க் காத்து பட்டா அதுவே வேர்த்து நனையும், அது வேற.

பாச்சை உருண்டை நாப்தலீன். கையில படுற, வாய்க்கிட்ட கொண்டு போற சாமானுக்குள்ள அதைப் போடக் கூடாது. தேங்காய் எண்ணெய் பத்தி மாஸ்டர் வந்து சொல்லட்டும்.

பி.டி. மாஸ்டர்

தோல் கிளவுஸை லேடெக்ஸ் போல முக்கித் துவைக்கக் கூடாது. பதனிட்ட தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உள்ளது. சோப்புத்தூள் கரைசலோ நல்ல காரம், பிஎச் 10 வாக்கில் இருக்கும். அதில் ஊறினால் தோலுக்குள் ஏற்றியிருக்கும் எண்ணெய்ப் பசை வெளியேறிவிடும். பிறகு வெயிலில் காயும்போது இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி விறைக்கும். விறைத்த விக்கெட் கீப்பிங் கிளவுஸில் பந்து தங்காது, விரலிலும் அடி விழும். ஆப்ப சோடாக் கரைசலும் காரம்தான், ஆகவே தோலில் வேண்டாம்.

பூசணத்துக்கு: வீட்டுக்குள் அல்ல, வெளியே காற்றுப் போகும் பக்கம் நின்று, மூக்கை மூடிக்கொண்டு, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்கவும். ஈரத் துணியால் முதலில் துடைத்தால் பூசணத்தூள் தோலின் துளைகளுக்குள் இன்னும் இறங்கும். பிறகு வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடைக்கவும். தோல் ஈரமாகலாம், சொட்டக் கூடாது. பத்து நிமிடம் கழித்து நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைக்கவும். உள்துணிக்கு மட்டும் 70 சதவீத ஐசோபுரோப்பில் ஆல்கஹால், ஸ்பிரே பாட்டிலில் விரலுக்கு ஒரு முறை அடிக்கவும். 99 சதவீதம் வாங்கினால் வேகமாக ஆவியாகிவிடும், வேலை குறைவு. கை கழுவும் ஜெல் கூடாது, கிளிசரின் பிசுபிசுப்பு தங்கும். அடுப்புப் பக்கத்தில் அடிக்க வேண்டாம்.

முக்கால் பதம் காய்ந்ததும் கையில் மாட்டி, விரல்களை மடக்கி நீட்டிப் பழக்கவும். பந்தை வைத்து உள்ளங்கைக் குழியை அமுக்கிவிடவும். முழுக்கக் காய்ந்தபின் மடக்கினால் மடிப்பில் வெடிக்கும். தோல் கிரீம் பட்டாணி அளவு, புறங்கைத் தோலுக்கு மட்டும். உள்ளங்கை ரப்பர் முகப்புக்கு எதுவும் தடவ வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

தேங்காய் எண்ணெய் தோலை மெதுவாக்குவது உண்மைதான். ஆனால் கையில் வழுக்கும், தூசியைப் பிடிக்கும், ரப்பர் முகப்புக்குக் கசிந்தால் அதைக் கெடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் எண்ணெய் ஊறிய தோலில் பூசணம் இன்னும் சுகமாக வளரும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விக்கெட் கீப்பிங் கிளவுஸுக்குள் பருத்தி இன்னர் (உள்ளே போடும் மெல்லிய கையுறை) போட்டுக்கொள்வது. ஆளுக்கு இரண்டு ஜோடி, பாதி ஆட்டத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். வேர்வை இன்னரில் நின்றுவிட்டால் தோலுக்குப் போவது கொஞ்சம்தான். இன்னரை வெந்நீரில் சோப்புத்தூள் போட்டுத் துவைக்கலாம், நல்ல வெயிலில் காயப்போடலாம், ஒன்றும் ஆகாது. டீமுக்குப் பொதுவான கிளவுஸ் என்றால் இன்னர் மட்டுமாவது அவரவருடையதாக இருக்கட்டும். விரல் இடுக்கில் அரிப்போ வெடிப்போ உள்ளவர் பொதுக் கிளவுஸைப் போடாமல் முதலில் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

பாம்பன் கோலி

நன்றி மாஸ்டர், நன்றி அண்ணே. தோசைக்கல்லுல போர் தண்ணி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி நின்னுச்சு. கேன் தண்ணிக்குப் பதிலா ஊரணித் தண்ணி ஆகுமா? காயப்போடுறது எங்கே, எவ்வளவு நேரம்னு யாரும் சொல்லலையே? பைக்குள்ள கரி போட்டு வைக்கலாமா, கல்லுப்பு போடலாமா?

கீழக்கரை காக்கா

கல்லுப்பா? மேல இவ்வளவு நேரம் உப்பை எடுக்கத்தானே பாடுபட்டாங்க! பையில உப்பை வச்சா ராத்திரி நீர்விட்டுக் கிளவுஸை நனைக்கும்.

ஊரணித் தண்ணி மழைக்குப் பிறகு உப்பு குறைவா இருக்கும், ஆனா கலங்கல். குடத்துல எடுத்து வந்து தெளியவச்சு, வேட்டித் துணியில வடிகட்டினா கடைசி அலசலுக்கு ஆகும். கோடையில வத்திச் சுருங்கின ஊரணின்னா மறுபடி தோசைக்கல் சோதனை. குடிக்கிற ஊரணிக் கரையில உக்காந்து ஷாம்பு போட்டு அலசிடாதீங்க, ஊர்ல கேள்வி வரும். மொட்டை மாடி மழைத்தண்ணியைத் தொட்டியில பிடிக்கிற வீடுன்னா அதைவிட நல்ல தண்ணி வேற இல்ல. முதல் மழையை விட்டுட்டு அடுத்ததைப் பிடிங்க, மாடியில படிஞ்ச உப்பும் தூசியும் முதல் மழையோட போயிடும்.

காயவைக்கிறது: வெயில் வேண்டாம். புற ஊதாக் கதிரும் சூடும் லேடெக்ஸைக் கடினமாக்கி வெடிக்க வைக்கும், பசையையும் விடுவிக்கும். வெயில் கிருமியைக் கொல்லும்னு சொல்றது வெளிப்பக்கத்துக்குத்தான், விரலுக்குள்ள வெயில் போறதில்ல. முதல்ல டவல்ல கிளவுஸைப் பரப்பிச் சுருட்டி, மேல கையால அழுத்துங்க. பாதித் தண்ணி டவலுக்குப் போயிடும். பிறகு விரலுக்குள்ள எழுதாத வெள்ளைத் தாளைத் தளர்வா சுருட்டி வச்சு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. செய்தித்தாள்னா மை உள்துணியில ஒட்டும். தாள் ஈரம் வாங்குறது நின்னதும் எடுத்துட்டு, வாய் குறுகலான தண்ணி பாட்டில் மேல விரல் மேல்நோக்கி இருக்கிற மாதிரி மாட்டிடுங்க. தண்ணி விரல் நுனியில தேங்காம மணிக்கட்டு வழியா இறங்கும்.

கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல மேற்கே இருந்து வர்றது நிலக்காத்து, காலைல பத்து மணிக்கு நிழல்ல வச்சா சாயங்காலத்துக்குள்ள காஞ்சுடும். நாலு மணிக்குள்ள உள்ளே எடுத்துடணும், கடல்காத்து ஏறினா திரும்ப ஈரமாகும். கடல் பார்த்த ஜன்னல்ல வைக்காதீங்க, அலை அடிக்கிற அன்னைக்குக் காத்துலயே உப்புத் துளி வரும். வாடைக்காலத்துல வெளியே நம்பிப் புண்ணியமில்ல. அறைக்குள்ள டேபிள் ஃபேனை மூணு அடி தள்ளி வச்சு ராத்திரி பூரா ஓடவிடுங்க. ஹேர் டிரையர் வேண்டாம்.

காஞ்சதான்னு பார்க்க, நடுவிரலுக்குள்ள டிஷ்யூ தாளைச் சொருகி அஞ்சு நிமிஷம் விடுங்க. தாள் மெத்துன்னு ஆயிருந்தா இன்னும் காயல.

வெளியூர்ல கிளவுஸை எப்பவும் திறந்த பையில வைக்கச் சொல்லுவாங்க. நம்ம கரையில அது பாதிதான் சரி. ஈரம் கொஞ்சம் இருந்தாலும் திறந்துதான் வைக்கணும். முழுசா காஞ்ச பிறகு, மழைக்காலத்துல, மூடி இறுக்கமா இருக்கிற டப்பாவுல ஈரத்தை இழுக்கிற சிலிக்கா ஜெல் மணி 50 கிராமோட வைங்க. நீல ஜெல்லுல கோபால்ட் இருக்கு, ஆரஞ்சு நிறத்துல வர்றதை வாங்குங்க. ஈரம் குடிச்சதும் பச்சையாகும். சமையலுக்கு எடுக்காத ஒரு தட்டுல போட்டுக் குறைஞ்ச தீயில சூடு பண்ணினா திரும்ப ஆரஞ்சுக்கு வரும். ரெண்டு உள்ளங்கையும் ஒண்ணை ஒண்ணு பார்த்த மாதிரி வைக்காதீங்க, லேடெக்ஸ் ஒட்டிக்கிட்டுப் பிரிக்கும்போது பிய்யும். நடுவுல ஒரு தாள் போதும்.

கரி நல்லது. நம்ம மாவட்டத்துல சீமைக்கருவேலங்கரிக்கா பஞ்சம்? கொட்டைப்பாக்கு அளவுக்கு உடைச்சு, தூளைச் சலிச்சுத் தள்ளிட்டு, ஒரு நாள் வெயில்ல காயவச்சு, பழைய காட்டன் சாக்ஸ்ல ஒரு கைப்பிடி போட்டு முடிச்சுப் போடுங்க. ஒரு கிளவுஸுக்கு ஒரு முடிச்சு. கடையில விக்கிற ஆக்டிவேட்டட் கரி அளவுக்கு இழுக்காது, ஆனா மிச்சம் மீதி வாடைக்குப் போதும். வாரம் ஒரு தடவை முடிச்சை வெயில்ல போட்டு எடுக்கணும். துவைக்காத கிளவுஸுக்குள்ள கரியை வச்சுட்டு உக்காந்தா ஒண்ணும் நடக்காது.

அப்புறம் அந்தப் பை. கிளவுஸை இவ்வளவு பாடுபட்டுத் துவைச்சுட்டு, ஈர ஜெர்சி கிடந்த அதே பையில போட்டா எல்லாம் வீண். பையையும் உள்பக்கம் வெளியே புரட்டி, ஷாம்பு தண்ணில தேய்ச்சு, நல்ல தண்ணில அலசிக் காயப்போடுங்க.

பாம்பன் கோலி

சரிங்க காக்கா. கடைசியா ஒண்ணு, வெடிச்ச லேடெக்ஸ் பத்தி?

தொண்டி நம்பர் ஒன்

கடினமாகி வெடிச்ச லேடெக்ஸ் திரும்பாது. எந்த ஸ்பிரேயும் அதைக் குணமாக்காது. அந்த ஜோடியைப் பயிற்சிக்கு ஒதுக்கிடுங்க. தையல் ஓரம் மட்டும் பிரிஞ்சிருந்தா, சைக்கிள் பஞ்சர் கடையில போடுற ரப்பர் சொல்யூஷனை ரெண்டு பக்கமும் மெல்லிசா தடவி, அஞ்சு நிமிஷம் காயவிட்டு அமுக்கி, ஒரு ராத்திரி கனம் வச்சு விடுங்க. ஒட்டுற இடத்துல உப்பு இருந்தா பிடிக்காது, அலசிக் காஞ்ச பிறகுதான் ஒட்டணும். ஃபெவிக்விக் போடாதீங்க, கண்ணாடியா இறுகி பக்கத்து லேடெக்ஸைக் கிழிக்கும்.

அடுத்த ஜோடி வாங்கும்போது மணல் தரைக்குன்னு சொல்லிக் கேளுங்க. நல்லா ஒட்டுற மெத்து லேடெக்ஸ்தான் சீக்கிரம் தேயும், பயிற்சிக்குக் கொஞ்சம் கெட்டியான ரகம் போதும். புதுசை எடுத்ததும் ஒரு தடவை நல்ல தண்ணில அலசிட்டுத்தான் போடணும், தயாரிக்கும்போது தங்கின ரசாயனம் போனாத்தான் பிடிமானம் வரும். ஆட்டத்துக்கு முன்னாடி உள்ளங்கையை ஈரப்படுத்தவும் கேன் தண்ணியே ஊத்துங்க, கடல் பக்கத்துல இருக்கேன்னு அலையில நனைச்சுடாதீங்க. கடல் தண்ணில லிட்டருக்கு 35 கிராம் உப்பு.